கீசகன் மலாயாவுக்கும் வந்தான்

தஞ்சோங் கிளிங்கில் என் பேரன் லாரல்–ஹார்டி படிக்கட்டில் பியானோ தூக்கும் 1932 படத்தைப் பார்த்துச் சிரிப்பான். அதே லாஸ் ஏஞ்சல்ஸ் படிக்கட்டில் 1927இல் துணி துவைக்கும் இயந்திரம் சுமந்தார்களே, ‘ஹேட்ஸ் ஆஃப்’ படத்தில்? அதற்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

“தொலைச்சிட்டாங்களா தாத்தா?”

நாமும்தான் ஒரு படத்தைத் தொலைத்தோம். கார் உதிரிபாக வியாபாரி நடராஜ முதலியார், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பழகி, சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் ‘கீசக வதம்’. செலவு 35,000 ரூபாய். ரங்கூன், சிலோன், மலாயா, சிங்கப்பூர்வரை ஓடி 50,000 வசூலித்தது. கெட்டிக்காரர்!

அக்கால நைட்ரேட் படச்சுருள் பற்றினால் தண்ணீரிலும் அணையாது. பழசானால் அதிலுள்ள வெள்ளிக்காக உருக்குவார்கள். முதலியாரின் ஸ்டூடியோவும் எரிந்தது. 1923இல் மகனையும் இழந்தவர், படத்தொழிலையே விட்டுவிட்டார்.