கல்லூரி வாசலில் நமக்கென்ன வேலை?

தொண்டாமுத்தூரில் பஸ் ஏறி, வடவள்ளி வழியாகக் கோயமுத்தூருக்குப் போயிருக்கிறீர்களா? பாக்குத் தோப்பும் தென்னையும் வாழையுமாக வழியெல்லாம் பச்சை; முதுகுக்குப் பின்னால் மலை. நகரத்தை நெருங்கும்போது மருதமலை ரோட்டில் ஒரு பெரிய வளாகம் வரும். 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகப் பிறந்து, 1906-இல் கோவைக்குக் குடிபெயர்ந்த ஸ்தாபனம் அது. 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது. ஆனால் என்ன? ஊர்க்காரர்களுக்கு அது இன்றைக்கும் 'அக்ரி காலேஜ்'தான்!

அங்கே விவசாயிகளுக்குக் கூட்டம், பிரசங்கம், கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வீட்டிலே என்ன பேச்சு நடக்கிறது?

"ஏனுங்க, நானும் வரட்டுங்களா?"

"நீ அங்கே வந்து என்ன பண்ணப் போறே? பூச்சி, புழுன்னு பேசிட்டிருப்பாங்க."

மலர்க் கண்காட்சி என்றால் மட்டும் பட்டுப்புடவை சகிதம் குடும்பமே புறப்பட்டுவிடும்! நான் சொல்கிறேன், சகோதரிகளே: பூவுக்குப் போகாவிட்டாலும் போகிறது, பூச்சிக்கு அவசியம் போங்கள்.

ஏன் என்கிறீர்களா? 2008-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலை மாதம், அமெரிக்காவில் பணிபுரியும் பூச்சியியல் நிபுணர் ஆர். முனியப்பன் இந்தக் கோவை வளாகத்துக்கு வந்திருந்தார். அங்கே பப்பாளி மரத்தில் வெள்ளை வெள்ளையாக, அரிசி மாவைத் தூவியதுபோல் அப்பியிருந்ததைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். மெக்ஸிகோப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. இந்தியாவில் அதுவரை யாரும் கண்டதாகப் பதிவே இல்லை.

பெயர்தான் பப்பாளிப் பூச்சி. மல்பெரியையும் மரவள்ளியையும் பருத்தியையும் அது விட்டுவைக்கவில்லை. மல்பெரி இலை போனால் பட்டுப்புழுவுக்குத் தீனி ஏது? பட்டுப்புழு வளர்த்த குடும்பங்களின் வயிற்றிலேயே கை வைத்தது. வாசலில் நின்ற செம்பருத்தியும் தப்பவில்லை. மருந்தை வாரி வாரி அடித்தார்கள். பூச்சியோ மெழுகுப் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தது!

அப்புறம்தான் விஞ்ஞானிகள் அந்தப் பூச்சியின் ஜன்ம விரோதியைத் தேடினார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்று ஒரு குளவி. குளவி என்றதும் பயப்படாதீர்கள். கடுகைவிடச் சிறியது, நம்மைக் கொட்டாது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்தார்கள். வந்ததும் வெளியே விட்டுவிடவில்லை. புது மருமகளை நாலுபேர் விசாரிப்பதுபோல, 'இது வேறு நல்ல பூச்சிகளைத் தொடுமா?' என்று அடைத்து வைத்துச் சோதித்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

இங்கேதான் அடுக்களைச் சங்கதி ஒன்று வருகிறது. குளவியைப் பெருக்க வேண்டுமானால் அதற்குத் தீனியாக மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சியை எதில் வளர்ப்பது? முளைவிட்ட உருளைக்கிழங்கில்! நாம் 'ஐயோ, முளைத்துவிட்டதே' என்று குப்பையில் எறிகிறோமே, அதையே ஆய்வுக்கூடத்தில் பாத்தி பாத்தியாக அடுக்கினார்கள்.

குளவியைக் குப்பியில் அடைத்து விவசாயிகளிடம் கொடுத்தபோது எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை பேச்சுதான். பூச்சியால் நொந்துபோனவரிடம் போய், 'இன்னொரு பூச்சி தருகிறோம், தோட்டத்தில் விடுங்கள். மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள், அடித்தால் குளவி செத்துவிடும்' என்றால் லேசில் நம்புவாரா? தோட்டக்காரர் கேட்டுவிட்டு வந்தாலும், விஷயம் தெரியாத வீட்டுக்காரி, 'சும்மா கைகட்டி இருக்கீங்களே' என்று நச்சரித்தால் மறுநாளே மருந்து தெளிப்பான் தோளில் ஏறிவிடும். இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டிய பிரசங்கம் இது. கேட்டவர்கள் பொறுத்திருந்தார்கள், அடுத்த வருஷத்துக்குள் மாவுப்பூச்சி பெரிதும் அடங்கிவிட்டது.

பிரசங்கம் கேட்கப்போன ஒரு பெண்மணியால் என்னென்ன நடந்தது என்பதற்கு லண்டனில் ஒரு கதை உண்டு. ஜேன் மார்செட் என்ற அம்மையார், ஹம்ஃப்ரி டேவி என்ற பேர்போன விஞ்ஞானியின் ரசாயனப் பிரசங்கங்களுக்குப் போனார். முதலில் பாதிகூடப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்ததும் தெளிந்தது. அதையே ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதுபோலப் புத்தகமாக எழுதினார். வெளிவந்தது 1806-இல், அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. அந்தப் புத்தகம் ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்த ஏழைப் பையன் கையில் கிடைத்தது. பையன் படித்தான், 1812-இல் தானும் டேவியின் பிரசங்கம் கேட்கப் போனான், மறுவருஷம் அவரிடமே உதவியாளனாகச் சேர்ந்தான். பெயர் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் காட்டியவர் அவர்தான். நம் பைக்காராவில் தண்ணீர் விழுந்து, கோவைப் பஞ்சாலைகளுக்கு 1930-களில் மின்சாரம் வந்ததே, அதுவும் அந்தத் தத்துவத்தில்தான்.

பிப்ரவரி 28 வந்தால், சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்ததை நினைத்துக் கல்லூரிகளில் விஞ்ஞான தினம் கொண்டாடுவார்கள். பொதுமக்களும் வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போங்கள். அக்ரி காலேஜில் 2018-இல் பூச்சிகளுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பையன்களுக்கு அதைவிட வேடிக்கையான இடம் கிடையாது. பின்வரிசை வேண்டாம், முன்னால் உட்காருங்கள். புரியவில்லையென்றால் எழுந்து கேளுங்கள். 'பேன்' முதல் 'அந்து' வரை நமக்குத் தெரியாத பூச்சியா?

கொல்லைச் செம்பருத்தியில் வெள்ளையாக அப்பியிருந்தால், உடனே மருந்துக்கு ஓடாமல் உற்றுப் பாருங்கள். சில மாவுப்பூச்சிகள் அசையாமல், உலர்ந்து, பழுப்பாகக் கிடக்கும். சிலவற்றின் ஓட்டில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். குளவிக் குஞ்சு உள்ளேயிருந்து தின்று வளர்ந்து, அந்த வழியாக வெளியே போயிருக்கிறது. அந்தச் செடியைத் தொடாதீர்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.