கைத்தடி எந்தக் கையில்? நடைக்கருவி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பின் வீடு திரும்பும் நோயாளிக்குக் கைத்தடியோ வாக்கரோ தேவைப்படுகிறது. பல வீடுகளில் தாத்தா பயன்படுத்திய பழைய தடியே அடுத்தவர் கைக்கும் வந்துவிடுகிறது. உயரம் பொருந்தாத கருவி, துணையாக இருப்பதற்குப் பதில் மீண்டும் விழுவதற்கே காரணமாகிவிடும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் தவறி விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

உயரத்தை அளப்பது எளிது. வழக்கமான காலணியுடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட வேண்டும். தடியின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் இருந்தால் அதுவே சரியான உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்கும். வாக்கருக்கும் இதே அளவுதான். அதன் நான்கு கால்களும் ஒரே துளையில் பொருந்தி, பொத்தான்கள் முழுமையாக வெளியே வந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

வலது காலில் வலி என்றால் தடியை வலது கையில் பிடிப்பதே இயல்பு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது இடது கையில் இருக்க வேண்டும். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கியதும் இடுப்பு அந்தப் பக்கம் சரிய முயல்கிறது. அதைத் தடுக்க, ஊன்றிய காலின் இடுப்புத் தசைகள் பலமாக இழுப்பதால் அந்த மூட்டின் மீது சுமை கூடுகிறது. எதிர்க்கையில் உள்ள தடி இடுப்பைத் தாங்கிப்பிடித்து அச்சுமையைக் குறைக்கிறது. எனவே தடியும் வலியுள்ள காலும் ஒன்றாக முன்செல்ல வேண்டும்.

அக்குள் ஊன்றுகோலில் நேரும் தவறு வேறு. அதன் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி தேவை. உடல் எடையை உள்ளங்கைகளே தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாத நிலை ஏற்படக்கூடும். படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது தடியும் பாதித்த காலும் முதலில் செல்ல வேண்டும். வாக்கருடன் படியேறவே கூடாது. முறிந்த காலில் எவ்வளவு எடையை ஊன்றலாம் என்பதை அறுவை சிகிச்சை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வீட்டில் நினைவூட்ட வேண்டியவர்கள் உறவினர்களே. அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் எண்ணத்துக்குப் பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. இதய அறுவை சிகிச்சை நிபுணர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயணா மருத்துவமனையின் தாழ்வாரங்களில் நோயாளிகளின் குடும்பத்தினர் செய்வதறியாது காத்திருப்பதை, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் கவனித்தனர். வீட்டுப் பராமரிப்பை அக்குடும்பத்தினருக்கே கற்பிக்கும் திட்டம் அங்கிருந்து உருவாகி, பின்னர் 'நூரா ஹெல்த்' என்ற அமைப்பாக வளர்ந்தது. தொடக்கத்தில் அது இதய நோயாளிகளுக்கானது. எனினும் நடைப்பயிற்சிக்கும் இந்த அணுகுமுறை அப்படியே பொருந்தும்.

துணைக்கு வருபவர் நோயாளியின் பலவீனமான பக்கத்தில், சற்றே பின்னால் நிற்க வேண்டும். கையைப் பிடித்து இழுப்பது பாசத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். ஆனால் பக்கவாத நோயாளியின் தோள்மூட்டு அதனால் பாதிக்கப்படும். இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது. 2025 ஆகஸ்ட் மாதம் முதல் மஞ்சள் வழித்தட மெட்ரோவில் பொம்மசந்திராவுக்கு வரும் நோயாளிகளும், நகரும் படிக்கட்டைத் தவிர்த்து மின்தூக்கியைப் பயன்படுத்துவதே நல்லது.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தோருக்குக் கைத்தடி, ஊன்றுகோல், வாக்கர் உள்ளிட்டவை இலவசமாக வழங்கப்படுகின்றன. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ நிறுவனம் இதைச் செயல்படுத்துகிறது. முகாமில் பெற்ற கருவியானாலும், கடையில் வாங்கியதானாலும், அதன் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானதும் உடனே மாற்றிவிட வேண்டும். ஈரமான குளியலறைத் தரையில் பிடிமானம் தருவது அந்த ரப்பர்தான்.