மலைப்பாதைக்கு ஒரு பழைய கார்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லையிலுள்ள போடிமெட்டை அடைய 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறிச் செல்லும் பாதை அது. மெட்டைத் தாண்டினால் பூப்பாறை. அங்கிருந்து உடும்பன்சோலைக்குச் செல்லும் வழியில் சாந்தன்பாறை. விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களைச் சுமந்துகொண்டு ஜீப்புகள் இவ்வழியே வரிசையாக மேலேறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. தோட்டத்தின் மண்பாதைக்கு ஜீப்பே ஏற்றது. ஆயினும், நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் நெடுங்கண்டத்துக்கோ தேனிக்கோ விரைய வேண்டியிருக்கும். ஊரில் திருவிழா என்றால் ஐந்து பேரும் ஒன்றாகப் போய்வர வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு சிறிய கார் இருந்தால் நல்லது என்று எண்ணும் குடும்பங்கள் இம்மலையில் பல.

அத்தகைய ஒரு குடும்பத்தின் கையில் 2,50,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டு உழைப்பின் சேமிப்பு அது. மூத்த மகன் சீறிப் பாயும் காரை விரும்புகிறான். தந்தையோ பாதிவழியில் நின்றுவிடாத காரை விரும்புகிறார். இருவர் விருப்பமும் ஒரே காரில் நிறைவேறக்கூடியதே. அதற்கு எண்களைப் படிக்கவும், இரும்பைப் பார்க்கவும், தாள்களைச் சரிபார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவும், இருக்கைக்குப் பின்னால் சிறிது இடமும் உடைய சிறிய காரை ஹேட்ச்பேக் என்பர். அதே உடலில் ஆற்றல் மிகுந்த எஞ்சினைப் பொருத்தினால் அது ஹாட் ஹேட்ச் ஆகிறது. 1976-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் வெளியிட்ட கோல்ஃப் ஜி.டி.ஐ. இவ்வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. 5000 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கினர். முதல் தலைமுறையில் மட்டும் நான்கரை இலட்சத்துக்கும் மேல் விற்றன. அதன் ஆற்றல் 110 குதிரைத்திறனே. அதைவிட ஆற்றல் மிக்க கார்கள் அன்றும் பல இருந்தன. அதன் எடை ஏறத்தாழ 810 கிலோகிராம் மட்டும் என்பதே அதன் வெற்றியின் சூட்சுமம்.

இந்தியாவிலும் இவ்வகைக் கார்கள் வந்தன. 2001-இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர் வகை 100 குதிரைத்திறன் உடையது. 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 குதிரைத்திறன் உடையது. 2015-இல் வந்த அபார்த் புன்டோ 145 குதிரைத்திறனை எட்டியது. இவை இன்று பழைய கார்ச் சந்தையில், புதிதாக விற்ற விலையின் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. இளைஞர் மனம் அங்கேதான் மயங்குகிறது. விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்ற கேள்வி பிறகே எழுகிறது.

குதிரைத்திறனும் எடையும்

ஒரு காரின் வேகத்தை அறியக் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் போதாது. அதைக் காரின் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் காரின் ஆற்றல் 87 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 965 கிலோகிராம். ஆகவே டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 90 குதிரைத்திறன் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் சின்னஞ்சிறு ஆல்டோ கே10 காரின் ஆற்றல் 68 குதிரைத்திறன். எடை சுமார் 750 கிலோகிராம். வகுத்துப் பார்த்தால் அதற்கும் டன்னுக்கு ஏறத்தாழ 90 குதிரைத்திறனே வருகிறது. 'ஆல்டோதானே' என்று இகழ்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கார் ஒருவரை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை என்பதையும் மறக்கலாகாது. ஐந்து பேர் ஏறினால் 300 கிலோகிராம் கூடுகிறது. அப்போது ஸ்விஃப்டின் எண் 69-ஆகவும், ஆல்டோவின் எண் 65-ஆகவும் இறங்குகின்றன. எடை குறைந்த கார் சுமையால் அதிகம் தளர்கிறது. தனியே ஓட்டிப் பார்த்து மகிழ்ந்து வாங்கிய கார், குடும்பத்தோடு மெட்டு ஏறும்போது மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே.

மலைக்கு வேறொரு கணக்கும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்றைத் தானாக உறிஞ்சும் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின், அடர்த்தி குறையக் குறைய ஆற்றலையும் அதே அளவில் இழக்கிறது. டர்போ என்னும் காற்றழுத்தி பொருத்திய எஞ்சின் காற்றை அழுத்தி உட்செலுத்துவதால் அவ்விழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது.

ஏற்றத்தில் உதவுவது திருப்புவிசையும் ஆகும். இறுகிய டயர் நட்டைக் குட்டைச் சாவியால் கழற்ற இயலாதபோது நீண்ட கம்பியைச் செருகித் திருப்புவதைச் சாலையோரத்தில் பலரும் கண்டிருப்பர். அவ்வாறு சுழலச் செய்யும் வலிமையே திருப்புவிசை. இது நியூட்டன் மீட்டர் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஸ்விஃப்ட் பெட்ரோல் காரின் உச்சத் திருப்புவிசை 114. அதை அடைய எஞ்சின் நிமிடத்துக்கு 4000 முறை சுழல வேண்டும். ஸ்விஃப்ட் டீசல் காரின் உச்சத் திருப்புவிசை 190; அது 2000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. டீசல் காரின் ஆற்றல் 75 குதிரைத்திறன்தான், எடையும் கூடுதல். காகிதத்தில் அது பெட்ரோல் காருக்குப் பின்தங்கியே நிற்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, இரண்டாம் கியரில் மறுபடி ஏறத் தொடங்கும் கணத்தில் டீசல் கார் முந்திவிடுகிறது. அதில் உள்ளது ஃபியட் வடிவமைத்த 1248 கன செ.மீ. எஞ்சின். டாட்டா, ஃபியட் கார்கள் சிலவற்றிலும் அதுவே பொருத்தப்பட்டதால், அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் உள்ளனர்.

மெக்கானிக் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பது குதிரைத்திறனை விடவும் முதன்மையான கேள்வி. பாலியோவும் அபார்த்தும் இன்று உற்பத்தியில் இல்லை. அவற்றை விற்ற ஃபியட் காரகங்களும் இல்லை. போலோ ஜி.டி.யின் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி ஓட்டுவதற்கு இனிமையானது. பழுதுபட்டால் செலவு மிகப் பெரிது. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் உருவான ஃபோர்டு ஃபிகோ மலையில் நன்கு ஓடும் கார். ஆனால் 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பெருநகரத்தில் வாழ்பவர் இக்கார்களை வாங்கி மகிழலாம். ஓர் உதிரிப் பாகத்துக்காக மதுரைக்கோ கொச்சிக்கோ போய்வர வேண்டியவருக்கு இவை பொருந்தா.

மூடியைத் திறக்கும் முன்

காரைப் பார்க்கச் செல்வோர் விடியலில் செல்வது நன்று. வருவதாக முன்கூட்டியே நேரம் சொன்னாலும், சிறிது முன்னதாகச் செல்வது இன்னும் நன்று. முதலில் முன்மூடியின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். அது சூடாக இருந்தால் விற்பவர் முன்பே எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் தொடங்கும்போது எழும் ஓசையும் புகையுமே உண்மையைச் சொல்லும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நெடுநேரம் நிற்காது வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசியலாம். மலைக்குளிரில் தொடக்கத்தில் சிறிது நீராவி வருவது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

'ஒரே உரிமையாளர், டாக்டர் ஓட்டிய வண்டி' என்று சொல்லாத தரகர் அரிது. இத்தனை டாக்டர்கள் இத்தனை பழைய கார்களை ஓட்டியிருப்பின் நாட்டில் நோயே இராது. ஆகவே சொல்லைவிடப் பொருளையே நம்ப வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியில் 40,000 கிலோமீட்டர் என்று இருக்க, கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் அந்த எண் பொய். முன்சக்கரங்களுக்கு மேலுள்ள தகடுகளின் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அத்தகடு ஒருமுறை கழற்றப்பட்டுள்ளது. காரணம் கேட்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஆண்டுகள் பல ஆன டயர் மழைக்கால மலைப்பாதையில் பிடிப்பைத் தராது.

2015 டிசம்பரில் சென்னையும், 2018 ஆகஸ்டில் கேரளமும் வெள்ளத்தில் மூழ்கின. நீரில் நின்ற கார்கள் பல துடைத்து மெருகேற்றப்பட்டுத் தொலைவிலுள்ள சந்தைகளுக்குச் சென்றன. அவற்றைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்து அதன் உள்முனையைப் பார்க்க வேண்டும். அங்கே சேற்றுக்கறை இருக்கிறதா? இருக்கைகள் நகரும் தண்டவாளத்தில் துரு படிந்திருக்கிறதா? தரைவிரிப்பைத் தூக்கினால் ஈரமணம் வீசுகிறதா? ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பிவிட வேண்டும்.

அடுத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தல். நான்காம் கியரில் முடுக்கியை அழுத்தும்போது எஞ்சினின் ஓசை மட்டும் உயர்ந்து, கார் முன்னேறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. மலையில் ஓடிய கார்களில் முதலில் தேய்வது இதுவே. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது கால் அதிர்ந்தாலோ, கார் ஒருபுறம் இழுத்தாலோ பழுது உள்ளது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதி வெறுமையாக உள்ளே போய்விடும். ஆதலால் எந்தப் பழைய காரை வாங்கினாலும் முதல் வேலையாகப் பிரேக் எண்ணெயை மாற்றுவர்.

இளைஞர் ஓட்டிய வேகக் கார்களில் சத்தமிடும் புகைபோக்கி, அகன்ற சக்கரம், தாழ்த்திய உடல் முதலிய மாற்றங்கள் இருக்கும். கேரளத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றுதல் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. அழகென்று கூடுதல் விலை கேட்கப்படும் பொருள், சோதனையில் தண்டம் கட்ட வைக்கும் பொருளாகிவிடும்.

எல்லை தாண்டும் கார்

சாந்தன்பாறைக் குடும்பத்துக்குத் தேனியும் போடியும் அருகில் உள்ளமையால் டி.என். 60 என்று தொடங்கும் கார்களே பெரும்பாலும் கண்ணில் படும். உறவினர் வழியாக வருவதால் நம்பிக்கையும் மிகும். ஆனால் அக்காரைக் கேரளத்திலேயே நிலையாக வைத்து ஓட்டுவதாயின், 12 மாதங்களுக்கு மேற்பட்டபின் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதற்குத் தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். கேரளத்தின் வரியையும் கட்ட வேண்டும். இச்செலவைக் கூட்டினால், சற்று விலை கூடிய கே.எல். 69 கார் மலிவாகத் தோன்றக்கூடும்.

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். 2011-இல் பதிவான கார் 2026-இல் புதுப்பிக்கப்பட வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் அடைந்ததற்கான வங்கியின் சான்றும் படிவம் 35-உம் பெற வேண்டும். நிலுவையிலுள்ள அபராதங்களை நடுவண் அரசின் பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

எனவே 2,50,000 ரூபாய் வைத்திருப்பவர் 2,50,000 ரூபாய்க்குக் கார் பார்க்கலாகாது. இரண்டு இலட்சத்துக்குள் பார்த்து, எஞ்சிய 50,000 ரூபாயை டயர், பிரேக், கிளட்ச், காப்பீடு, பதிவு ஆகியவற்றுக்கு ஒதுக்குவதே தக்கது. அவ்வாறு பார்க்கும்போது மகனின் பட்டியலில் இருந்த போலோ தானாக விலகும். நன்கு பேணப்பட்ட ஸ்விஃப்ட் ஒன்றோ, குறைவாக ஓடிய ஆல்டோ கே10 ஒன்றோ எஞ்சும். ஐந்து பேரோடு அடிக்கடி மெட்டு ஏறும் குடும்பத்துக்கு ஸ்விஃப்டே பொருத்தம். மாதத்தில் ஒருமுறை மட்டும் ஏறுவோருக்கு ஆல்டோ போதும்.

விலை பேசி முடிந்தபின் தாமதிக்கும் குடும்பங்கள் பல. பழக்கமானவர் என்பதால் பெயர் மாற்றத்தை 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிடுகின்றனர். 2009-இல் நேர்ந்த ஒரு விபத்தில், கார் பல கைகள் மாறியிருந்தும் பதிவு மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருடையதே என்று உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்றவர் அத்தீர்ப்பைப் படித்திருந்தால் அவரே அவசரப்படுவார். வாங்குபவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். முழுத் தொகையையும் கையில் கொடுக்கும் முன்பே 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தைப் பெற்று, காரிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவையே என்பதை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துப் பார்த்துக்கொள்வர்.