விமான வரைபடத்தில் மலையின் உயரம்

விமான வரைபடத்தில் மலைமுகடு ஒன்றின் அருகே அச்சிடப்பட்டிருக்கும் எண்ணை, அதைப் பயன்படுத்துவோர் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே கொள்கின்றனர். ஆயின், அந்த எண் எப்போது, எக்கருவியால், எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம் அமைகிறது. மலைப் பகுதிகளில் விமான நிலையங்கள் பெருகிவரும் நம் நாட்டில், நில அளவைக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வியும் இதனுள் அடங்கியுள்ளது.

நில விவரம் போதாத நிலையில் விமானம் ஓட்டுவது எத்தகையது என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலம் சான்றாகும். 1942 முதல் 1945 வரை அஸ்ஸாமிலிருந்து சீனாவின் குன்மிங் நகருக்குப் போர்த் தளவாடங்களை ஏற்றிச் சென்ற விமானிகளுக்கு, இடையிலிருந்த மலைத்தொடர்களைக் காட்டும் நம்பத்தக்க படங்கள் கிடைக்கவில்லை. சீனாவின் ஆம்னே மாச்சின் மலை எவரெஸ்ட்டைவிட உயர்ந்தது என்ற பேச்சு அந்நாளில் எழுந்து, போருக்குப் பின்னரும் நீடித்தது. அதன் உயரம் 6,282 மீட்டரே என்பது பிற்பாடு தெளிவாயிற்று. மிகையான எண் எந்த விமானத்தையும் மோதச் செய்யாது. ஆனால் தேவையற்ற உயரத்துக்கு ஏறச் செய்து எரிபொருளை விழுங்கும். ஏற்றக்கூடிய சரக்கைக் குறைக்கும். குறைவான எண்ணின் விளைவை விளக்க வேண்டியதில்லை.

பிழை நுழையும் வழிகள்

பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரையப்படும் உலக விமான வரைபடத் தாளில் 1 மில்லிமீட்டர், நிலத்தில் 1 கிலோமீட்டரைக் குறிக்கும். பள்ளத்தாக்கின் வளைவுகளும் சிறு முகடுகளும் அதில் அடங்கா. சம உயரக் கோடுகளை எளிமைப்படுத்தியே வரைய வேண்டியிருப்பதால், இரு கோடுகளுக்கு இடையே ஒரு குன்று மறைந்துபோகலாம். அதனாலேயே, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதிலுள்ள மிக உயர்ந்த இடத்தைக் கணக்கிட்டு ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் ஏற்பட்டது. விவரம் போதாத பகுதிகளில் ‘நில விவரம் முழுமையற்றது’ என்ற குறிப்பே சில பழைய படங்களில் காணப்படும். வண்ணம் தீட்டி வெற்றிடத்தை மறைத்த படத்தைவிட இவ்வாறு ஒப்புக்கொண்ட படமே விமானிக்குப் பயன்பட்டிருக்கும்.

இடம் பற்றிய பிழை மற்றொன்று. பழைய இந்தியப் படங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கணக்கீட்டை அடிப்படையாகக் கொண்டவை. 1998 ஜனவரி 1 முதல் உலக விமானத் துறை டபிள்யூ.ஜி.எஸ்.-84 முறையைப் பின்பற்றுகிறது. மாற்றிக் கணக்கிடாவிடில் ஒரே முகடு பல இடங்களில் 100 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். அகன்ற சமவெளியில் இது பொருட்டல்ல. குறுகிய பள்ளத்தாக்கில் பொருட்டாகும்.

மட்டம் பற்றிய பிழை இன்னும் நுட்பமானது. இந்திய நில அளவைத் துறையின் உயரங்கள் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுபவை. செயற்கைக்கோள் அளவீடு நேரடியாகத் தருவதோ, பூமியின் வடிவத்துக்கு நெருங்கியதாகக் கணிதம் வகுத்த ஒரு பரப்பிலிருந்து அளந்த உயரம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உலகிலேயே மிகுதியாக உள்ள இடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்துமாக்கடற் பகுதியாகும். அங்கு கடல் மட்டம் அக்கணிதப் பரப்புக்குச் சுமார் 106 மீட்டர் கீழே கிடக்கிறது. தென்னிந்தியாவும் இப்பள்ளத்தின் எல்லைக்கு உட்பட்டதே. ஆகவே, திருத்தம் செய்யாத செயற்கைக்கோள் உயரத்தைப் படத்தில் ஏற்றினால், இங்குள்ள குன்று உண்மையைவிடப் பல பத்து மீட்டர் தாழ்ந்ததாகத் தோன்றும். ஆபத்தான திசையிலேயே பிழை நேர்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடார் கொண்டு 11 நாட்களில் உலக நிலப்பரப்பின் சுமார் 80 விழுக்காட்டை அளந்தது. எனினும் செங்குத்தான மலைச்சரிவுகளில் அதன் அளவீட்டில் இடைவெளிகள் விழுந்தன. அடர்ந்த காடுகளில் ராடார் அலை தரையை எட்டாமல் மரங்களிலேயே பட்டுத் திரும்பியது. காட்டப்படும் உயரம் தரையினுடையதா, மர உச்சியினுடையதா என்று தெரியாமல் அத்தகைய எண்ணைக் கையாளுதல் கூடாது.

துல்லியத்தின் விலை

இப்பிழைகளுக்கெல்லாம் ஈடாக வைக்கப்பட்டிருப்பதே பாதுகாப்பு இடைவெளி. கருவிகளின் துணையால் பறக்கும் விமானம் தடைகளுக்கு மேலே பொதுவாக 300 மீட்டரும், மலைப் பகுதியில் 600 மீட்டரும் உயர்ந்து செல்ல வேண்டும். கடுங்குளிரில் உயரமானி உள்ளதைவிட அதிக உயரத்தைக் காட்டும். அதற்கும் இவ்விடைவெளியே இடம் தரவேண்டியுள்ளது. இறங்கும்போது இடைவெளி சுருங்கிவிடுகிறது. 1991 ஆகஸ்ட் 16 அன்று இம்பால் அருகே மலையில் மோதிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 69 பேர் உயிரிழந்தனர். விமானம் வகுத்த இறங்குமுறையிலிருந்து விலகியதால் நேர்ந்த விபத்து அது. மலையின் உயரம் சரியாகத் தெரிந்திருப்பது ஒன்றே போதாது. விமானம் எங்கிருக்கிறது என்பதையும் மலையோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி தேவை. 1990களில் வந்த மேம்பட்ட தரைமோதல் எச்சரிக்கைக் கருவி இதைச் செய்கிறது. அதற்கு உலகம் முழுவதன் நில உயரங்களும் வேண்டியிருந்தன. சோவியத் யூனியன் கலைந்தபின் அதன் நில வரைபடங்களை விலைக்கு வாங்கியே அவற்றில் ஒரு பகுதியைத் திரட்டினர். ஓர் அரசு மறைத்து வைத்திருந்த விவரம் இவ்வாறு சந்தைக்கு வந்து உயிர்களைக் காத்தது!

துல்லியம் இலவசமாகக் கிடைப்பதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி இதை உணர்ந்தே அமைந்துள்ளது. நாடு முழுவதற்கும் உயரத்தில் 30 மீட்டர் வரை பிழை ஏற்கப்படுகிறது. விமான நிலையத்தைச் சூழ்ந்த பகுதிக்கு 3 மீட்டர். ஓடுதளமும் அதையொட்டிய இயக்கப் பகுதியும் அரை மீட்டர். நாடு முழுவதையும் அரை மீட்டருக்கு அளக்க முனைவது வீண் செலவு. மலையிடை நிலையத்தின் சுற்றுப்புறத்தை 30 மீட்டர்த் துல்லியத்தோடு விட்டுவிடுவதோ சிக்கனமாகாது.

இந்தியாவில் நெடுங்காலம் செலவைவிடக் கட்டுப்பாடே பெரிய தடையாக இருந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் நில விவரங்களைத் திரட்டவும் பயன்படுத்தவும் இந்திய நிறுவனங்களுக்கு இருந்த முன் அனுமதித் தேவையைப் பெரும்பாலும் நீக்கின. 2022ஆம் ஆண்டின் தேசியப் புவியிடக் கொள்கை, 2030க்குள் சமவெளிக்கு 25 சென்டிமீட்டர், மலைப் பகுதிக்கு 1 முதல் 3 மீட்டர் என்ற தரத்தில் உயர விவரத் தொகுப்பை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் நாற்புறமும் மலை சூழ்ந்த லே போன்ற நிலையங்களுக்கு இதன் பயன் உடனடியானது. எனினும் தொகுப்பைப் பெறும் அதிகாரி, ஒவ்வொரு தாளுடனும் அளவை நடந்த ஆண்டு, முறை, அடிப்படை மட்டம், நம்பக அளவு ஆகிய நான்கும் எழுத்தில் வந்துள்ளனவா என்று பார்த்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.