மணியின் குற்றம்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் காணும் மதுரை இரத்தினக் கடைத்தெருவில், கற்கள் அவற்றின் ஒளியால் மட்டுமன்றி, அவற்றில் இல்லாத குற்றங்களாலும் அறிமுகப்படுத்தப்படுகின்றன. நல்ல மரகதத்தில் ஏகை எனப்படும் கீற்றும், மாலை என்னும் குறையும், இருள் எனப்படும் கருகலும் இருத்தலாகாது. இன்று அந்நகரின் தெற்காவணி மூல வீதியில் கல் வாங்குபவர் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்சில் தேடுவதும் ஏறத்தாழ இவற்றையே எனினும், கண்டதற்குக் கொள்ளும் பொருள் பாதி தலைகீழாகிவிட்டது.

மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமமே ஆகும் (ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ இத்தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே). அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இக்கனிமம் தூய நிலையில் நிறமற்றது. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவக்கும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகும். இக்கலவையைப் பொடியாக்கிச் சுடரில் உருக்கிச் சில மணி நேரத்தில் மாணிக்கம் விளைவிக்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்நாய் 1902இல் அறிவித்தார். அவ்வாறு விளைந்த கல் பொய்க்கல் அன்று. அதே கனிமம், அதே கடினம். ஆயினும் அதனுள் வளர்ச்சி வரிகள் வளைந்தும் காற்றுக் குமிழிகள் உருண்டும் தெரிய, மண்ணில் விளைந்த கல்லில் அவ்வரிகள் நேராகவோ கோணமாகவோ செல்லும். ‘பட்டு’ எனப்படும் நுண்ணிய ஊசிகளும் காணப்படலாம். ஆகவே குறையே இல்லாத பெரிய மாணிக்கம் மலிவாகக் கிடைக்குமாயின், அக்குறையின்மையே ஐயத்துக்குரியது.

வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய மாணிக்கம் இதனினும் ஏமாற்றக்கூடியது. கல்லைச் சாய்த்துத் திருப்பும்போது உள்ளே நீலநிற மினுக்கம் ஓடினால் அது கண்ணாடியே, எலுமிச்சைச் சாறுகூட அதை அரித்துவிடும்.

நிறத்தைக் கடையின் மஞ்சள் விளக்கொளி சிவப்பாக்கிக் காட்டும் என்பதால், கல்லை வாசல் நிழலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் பார்ப்பதே முறை. அச்செழுத்தின் மேல் வைக்கும்போது கல்லின் நடுவே எழுத்து தெளிவாகத் தெரிந்தால், பட்டை ஆழமின்றித் தீட்டப்பட்டதால் ஒளி திரும்பாமல் கீழே வழிந்துபோகிறது என்று அறியலாம். மாறாக அடி பருத்த கல்லில், 200 மில்லிகிராமை ஒரு காரட்டாகக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் விலை வாங்கப்படும்.

மரகதத்தில் கீற்று இல்லாமலிருப்பது அரிது. எனவே வணிகர்கள் அதன் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றுவது நெடுங்கால வழக்கம். எவ்வளவு ஏற்றப்பட்டது என்பதை ஆய்வுக்கூடச் சான்றில் பார்த்துக்கொள்ளாதவர், மோதிரத்தை வெந்நீரிலும் சோப்பிலும் சிலமுறை கழுவிய பின், கடையில் மறைந்திருந்த ஏகையை வீட்டில் காண நேரும்.