தொட்டி மீன் ஏரிக்கு வரக் கூடாது

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று தென்னேரி. தொண்டைமான் இளந்திரையனோடு தொடர்புபடுத்தி, 'திரையனேரி' என்பதே தென்னேரி ஆயிற்று என்பர். மதகு வழியே வயலுக்கு நீர் தருவதுடன், விரால், கெண்டை, கெளுத்தி என மீனும் தருவது ஏரி. இத்தகைய ஏரிகளுக்கு இன்று எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து ஆபத்து வருகிறது. அது வீட்டு வரவேற்பறையில் உள்ள கண்ணாடித் தொட்டி.

வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் முதல் சிற்றூர்க் கடைகள் வரை, பெரிய இரைகொல்லி மீன்களின் குஞ்சுகள் எளிதில் கிடைக்கின்றன. விரல் நீளத்தில் வாங்கப்படும் அவை அந்த அளவிலேயே நிற்பதில்லை. ஆஸ்கர் ஓரடி வளரும். வெள்ளி அரோவானா மூன்றடியை எட்டும். அமேசானின் செவ்வால் கெளுத்தி அதையும் தாண்டும். 'முதலை மீன்' எனப்படும் அலிகேட்டர் கார் அமெரிக்காவின் தென்பகுதி ஆறுகளுக்கு உரியது. ஆறடிக்கு மேல் வளர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடியது.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் நீர் கொள்ளும். வீட்டளவில் அது பெரிய தொட்டிதான். ஆனால், மூன்றடி மீன் அதில் திரும்பக்கூட முடியாது. 'தொட்டியின் அளவுக்கேற்பவே மீன் வளரும்' என்ற நம்பிக்கை தவறானது. இடநெருக்கடியும் கழிவு தேங்கிய நீரும் மீனை நலிவடையச் செய்து, முதுகெலும்பை வளைத்து, ஆயுளைக் குறைக்கின்றன. நலிவைத்தான் நாம் அளவு என்று எண்ணிக்கொள்கிறோம்.

இரைகொல்லி மீன் உண்பது புரதம் மிகுந்த உணவு. ஆகவே அது வெளியேற்றும் அமோனியாவும் மிகுதி. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், புதுத் தொட்டியில் அன்றே மீன் விடுவது பிழை. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரையாவது, குளோரின் நீக்கிய நீரால் மாற்ற வேண்டும். அரோவானா துள்ளும் இயல்புடையது. கனமான மூடி கட்டாயம். மின்வெட்டின்போது காற்று செலுத்த மாற்று ஏற்பாடு வேண்டும். உயிருள்ள தங்கமீனை இரையாக இடுவது நோயைக் கொண்டுவருவதோடு, வைட்டமின் பி1 குறைபாட்டையும் உண்டாக்கும். குருணைத் தீவனமும் இறாலும் மீன் துண்டும் போதுமானவை. வளர்ந்த மீனுக்கு நாள்தோறும் உணவு தேவையில்லை.

இவ்வளவும் செய்ய இயலாதவர் என்ன செய்கிறார்? மீனைக் கொல்ல மனமின்றி, இரவோடு இரவாக அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார். கருணையாகத் தோன்றும் இச்செயலே பெரும் கேடு. 2018 கேரள வெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அராபைமா, முதலை மீன் ஆகியவை அங்குள்ள நீர்நிலைகளில் பிடிபட்டன. 2023இல் போபாலின் ஏரியிலும் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும் முதலை மீன் கிடைத்தது. உண்பதற்கென வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000இல் தடை செய்தும், அது நம் நீர்நிலைகளை விட்டு அகலவில்லை. அயல் மீன் ஒருமுறை பெருகிவிட்டால் தடையாணையால் அதை மீட்டெடுக்க முடியாது.

காஞ்சிபுரம் வட்டாரத்தின் அமைப்பு இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. இங்கே ஏரிகள் சங்கிலித் தொடராய் அமைந்தவை. வடகிழக்குப் பருவமழையில் ஓர் ஏரியின் கலங்கல் வழியும்போது, அந்த நீர் அடுத்த ஏரியைச் சேர்கிறது. நீரோடு மீனும் போகிறது. ஓர் ஏரியில் விட்டது அந்த ஏரியோடு நிற்காது. ஏலத்தில் மீன்பிடி உரிமை எடுத்து, குஞ்சுகளை வாங்கி விட்டவரின் முதலீடு அயல் மீனுக்கு இரையாகும். அந்த இழப்பு தொட்டி உரிமையாளரின் கண்ணில் படுவதே இல்லை.

சட்டம் ஓரளவு முன்னேறியுள்ளது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஆசிய அரோவானா, அராபைமா போன்றவற்றை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால், அந்தப் பட்டியலில் இல்லாத இரைகொல்லிகள் பல. எனவே, ஒவ்வொரு மீனும் முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளும், எத்தனை ஆண்டு வாழும் என்பதைக் கடைத்தொட்டியின் மேலேயே எழுதி வைப்பதைக் கட்டாயமாக்கலாம். வளர்க்க இயலாத மீனைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் விற்பவருக்கு வழங்கலாம். மீன்வளத் துறை மாவட்டந்தோறும் ஒரு பெறுமிடம் அமைத்தால், ஏரிக்குப் போகும் வாளிகள் அங்கே போகும்.

யாரும் ஏற்காத மீனாயின், கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் வலியின்றி அதன் உயிரை முடிப்பது ஏரியில் விடுவதினும் குறைந்த தீமை. சொல்லக் கசப்பானதுதான். அந்தக் கசப்பு வேண்டாமெனில், விரல் நீளக் குஞ்சை வாங்கும் முன்பே மூன்றடி மீனை மனத்தில் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.