மாதாமாதம் மார்பகத்தில் வலியா?

"டாக்டர், நெஞ்சு வலிக்குது" என்று வருகிற பெண்களில் சிலர் ஈ.சி.ஜி. ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு வருவார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது. நிதானமாக விசாரித்தால்தான், வலிப்பது நெஞ்சு இல்லை, மார்பகம் என்பது தெரியவரும். வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சம்! உள்ளுக்குள் 'புற்றுநோயாக இருக்குமோ' என்ற பயம் வேறு. (நடந்தால் கூடுகிற நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் அது வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

முதலில் ஒரு காலண்டரை எடுங்கள். வலி இருக்கிற நாட்களையும், மாதவிலக்கு வந்த நாளையும் இரண்டு மூன்று மாதம் குறித்து வாருங்கள். விலக்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஆரம்பித்து, வந்ததும் 'அப்பாடா' என்று வலி குறைகிறதா? இரண்டு பக்கமும் கனத்து, மேல்புறமும் அக்குள் பக்கமும் தொட்டாலே நோகிறதா? அப்படியானால் அநேகமாக இது மாதச் சுழற்சியோடு சேர்ந்த வலிதான்.

கருமுட்டை வெளியான பிறகு சுரக்கும் ஹார்மோன்களால் பால் சுரப்பிகளும் நாளங்களும் கொஞ்சம் வீங்குகின்றன, நீரும் தங்குகிறது. கர்ப்பம் தரிக்கவில்லை என்றதும் ஹார்மோன் இறங்கும், வீக்கமும் வடியும். வலி என்றாலே வாதத்தை முதலில் பார்ப்பது எங்கள் சித்த மருத்துவ வழக்கம். ஆனால் இதற்கெல்லாம் மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பேருக்கு வலி பெரிதாகத் தோன்றுவதில்லை.

அடுத்தது உள்பாடி. பத்து வருஷத்துக்கு முன்பு வாங்கிய அளவையே இன்னமும் கேட்டு வாங்குகிறோம். உடம்பு அப்படியேவா இருக்கிறது? நன்றாகத் தாங்குகிற, அழுத்தாத அளவாகப் பாருங்கள். வலி அதிகமான நாட்களில் இரவிலும் மெல்லியதாக ஒன்று அணியலாம்.

நொச்சி இலையை வதக்கி, துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். சிலருக்குக் குளிர்ந்த ஒத்தடம்தான் பிடிக்கிறது, அதுவும் சரியே. நொச்சியின் ஐரோப்பிய உறவான வைடெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ் பழச்சத்து இந்த வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. அதற்காக நம்மூர் நொச்சியை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

ஆளி விதையை வறுத்துப் பொடித்து, தினம் 25 கிராம் வரை மோரிலோ இட்லிப் பொடியோடோ சேர்த்துச் சாப்பிடலாம். கொஞ்சமாக ஆரம்பியுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். காபியை விட்டால் வலி போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. விட்டுப் பார்ப்பதில் நஷ்டமும் இல்லை. கருத்தடை மாத்திரை அல்லது வேறு ஹார்மோன் மாத்திரை தொடங்கிய பிறகு வலி வந்திருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலி மட்டும் இருப்பது புற்றுநோயின் அறிகுறியாக இருப்பது அபூர்வம். ஆனால் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ, தோல் குழிந்தாலோ, ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, விலக்கு நின்ற பிறகு வலி புதிதாக வந்தாலோ, எங்களைப் போன்றவர்களிடம் லேகியம் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மார்பகத்தைக் கையால் தடவிப் பார்ப்பவர்கள் விலக்கு முடிந்த வாரத்தில் பாருங்கள். முந்தைய வாரத்தில் பார்த்தால் எல்லாமே முடிச்சு முடிச்சாகத்தான் தட்டுப்படும். மேமோகிராம் எடுக்கச் சொல்லியிருந்தால், அதற்கும் அந்த வாரத்திலேயே நாள் கேளுங்கள். வலி குறைவாக இருக்கும்.